ஷார்ஜாவிலிருந்து அல்மாட்டி: இரண்டு பேர், ஒரு வார இறுதி, ஆளுக்கு 1,500 திர்ஹம். நடக்குமா?

ரோலா ராசு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. அக்டோபரில் ஒரு வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் விடியற்காலை திரும்புவதாக நானும் என் அறைத்தோழனும் முடிவு செய்திருக்கிறோம். ஊர் கஜகஸ்தானில் இருக்கும் அல்மாட்டி. இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். லீவு எதுவும் போடவில்லை, திங்கள் காலை எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். விமான டிக்கெட்டும் சேர்த்து ஆளுக்கு 1,500 திர்ஹம், அதற்கு மேல் இல்லை.

சண்டை எங்கே என்றால், அவனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. சாரின் பள்ளத்தாக்கு, கோல்சாய் ஏரி, கைந்தி ஏரி, ஷிம்புலாக், கோக் தோபே, இன்னும் என்னென்னவோ. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஊரையும் அதற்கு மேலே இருக்கும் மலையையும் மட்டும் பார்த்தால் போதும் என்கிறேன் நான். “அவ்வளவு தூரம் பறந்து போய் டவுன் பஸ் ஏறி மார்க்கெட் பார்க்கவா?” என்கிறான் அவன். போய் வந்தவர்கள் கொஞ்சம் தீர்த்து வையுங்கள்.

ஓய்வூதியன்

தம்பி, முதலில் காகித வேலையை முடிப்போம். 2022 ஜூலையிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கஜகஸ்தான் விசா கேட்பதில்லை. ஒருமுறை நுழைந்தால் 14 நாள் வரை இருக்கலாம், 180 நாளுக்குள் மொத்தம் 42 நாள். உங்களுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தின் முன்பதிவையும் மட்டும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையோடு இரண்டு இளவட்டங்கள் வந்து நின்றால் கவுன்ட்டரில் ஒரு கேள்வி கூடுதலாகத்தான் வரும்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். சாரின் ஊருக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று வையுங்கள். கோல்சாயும் கைந்தியும் அதற்கும் அப்பால், சாத்தி என்ற கிராமத்தை ஒட்டி, ஏறக்குறைய 300 கிலோமீட்டரில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று சொல்லும் வேன்கள் நடுச்சாமத்தில் கிளம்பி அடுத்த நடுச்சாமத்தில் கொண்டுவந்து இறக்கும். வேனுக்குள் தலையைச் சாய்த்துத் தூங்குவதற்கு எதற்குக் கஜகஸ்தான்? அல்மாட்டியில் மலை ஊரின் முதுகிலேயே நிற்கிறது. டவுன் பஸ்ஸில் ஏறினால் மெதெயு, 1,700 மீட்டர். அங்கிருந்து கம்பிவடத்தில் (கேபிள் கார்) ஷிம்புலாக் பனிச்சறுக்கு மலைக்கு ஏறினால் உச்சி 3,200 மீட்டர். உலகத்தில் எத்தனை பெருநகரங்களில் இப்படி வாய்க்கும்?

பாஸ்போர்ட் பாண்டி

நான்தான் அந்த அறைத்தோழன். நம்மைப் பற்றி இழை ஓடுகிறது என்று தெரிந்ததும் உறுப்பினராகிவிட்டேன். ராசு, நீ இப்படிப் பொதுவெளியில் புலம்புவாய் என்று நினைக்கவில்லை.

ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் கைந்தி ஏரி எப்படி உண்டானது என்று படித்துப் பாருங்கள். 1911-இல் பெரிய நிலநடுக்கம், மலைச்சரிவு வந்து ஓடையை அடைத்தது, காட்டுக்குள் தண்ணீர் ஏறியது. தேவதாரு மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன, மேலே மொட்டைத் தண்டு மட்டும் கம்பம் நட்டதுபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊருக்குள் போய் எதைப் பார்ப்பது? கட்டடத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே.

எம்பிபிஎஸ் வேலூர்

அண்ணா, நான் அல்மாட்டியில்தான் மருத்துவம் படிக்கிறேன். கைந்தி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பகுதி மண்பாதை, ஆட்டோவில் போவதைவிட மோசமாகக் குலுக்கும். நாங்கள் போனபோது சாத்தியில் ஒரு வீட்டில் இரவு தங்கித்தான் பார்த்தோம். இரண்டு நாளில் அதையும் ஊரையும் சேர்க்க முடியாது. ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ஊரைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வேன்.

இங்கே வழி கேட்டால் இடது வலது சொல்ல மாட்டார்கள். “மேலே போ”, “கீழே போ” என்பார்கள். மேலே என்றால் மலைப்பக்கம், அதாவது தெற்கு. தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேராக இருப்பதால் மலை தெரிந்தால் வழி தெரிந்த மாதிரி. பனிமூட்டமான நாளில்தான் நாங்களே திணறுவோம். தெருவோரம் திறந்த வாய்க்கால் ஓடும், அதை அரிக் என்பார்கள். மலைத் தண்ணீர் வரும் வழி. போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் உள்ளே போய்விடும்.

பஸ்ஸுக்கு ஓனாய் என்ற அட்டை வாங்குங்கள். கண்டக்டர் கிடையாது, ஏறியவுடன் இயந்திரத்தில் காட்ட வேண்டும். கட்டணம் ஒரு திர்ஹத்தைச் சுற்றித்தான். மலைக்குப் போக 12-ஆம் எண் பஸ். தோஸ்திக் அவென்யூவில், உச்சியில் தங்கக் கிரீடம் வைத்ததுபோல ஓர் உயரமான ஓட்டல் இருக்கும், அந்தப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறலாம். ஞாயிறு பத்து மணிக்கு மேல் நிற்கக்கூட இடம் இருக்காது, அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் வீடு. வாடகைக்கு எடுப்பது ஓட்டலைவிட மலிவு. ஆனால் பழைய சோவியத் கட்டடங்களில் ஒரே கதவு எண்ணுக்கு நாலைந்து நுழைவாசல் இருக்கும். நுழைவாசல் எண், மாடி, கதவின் ரகசிய எண், இந்த மூன்றையும் விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் குளிரில் நின்று ரஷ்ய மொழியில் பேசுவது எனக்கே வராது.

கணக்குப்பிள்ளை

ஆளுக்கு 1,500 என்றால் நடக்கும், இறுக்கிப் பிடித்தால் மிச்சமும் வரும். நான் போட்ட கணக்கு இது.

ஷார்ஜாவிலிருந்தும் துபாயிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, நாலரை மணி நேரம் போல. முன்கூட்டியே எடுத்து, கைப்பை மட்டும் கொண்டுபோனால் போக வர 700-லிருந்து 900-க்குள் பிடிக்கலாம். அங்கே மணி நமக்கு ஒரு மணி நேரம் முன்னால்; 2024 மார்ச்சில் நாடு முழுவதும் ஒரே நேரமாக்கிவிட்டார்கள். பழைய வலைப்பதிவுகளைப் பார்த்து இரண்டு மணி என்று நினைத்துவிடாதீர்கள்.

பணம் தெங்கே. ஒரு திர்ஹத்துக்கு 130-இலிருந்து 145 வரை மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் பாருங்கள். இங்கே மாற்ற வேண்டாம், டாலராகக் கொண்டுபோங்கள். கசங்காத நோட்டு, பேனாக் கீறல் இல்லாத நோட்டு. ஊருக்குள் இருக்கும் மாற்றுக்கடையில் மாற்றுங்கள், விமான நிலையத்தில் டாக்சிக்கு வேண்டியது மட்டும் போதும்.

டாக்சி என்றவுடன் ஒன்று. வெளியே வந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சிலர் நிற்பார்கள். “டாக்சி, டாக்சி, குட் பிரைஸ்” என்று சொல்லும் விலை எந்தக் காலத்திலும் குட் இல்லை. யாண்டெக்ஸ் செயலியை இங்கேயே இறக்கி வைத்து, அதில் கூப்பிடுங்கள். மையப்பகுதிக்கு 20 முதல் 30 திர்ஹம்தான் ஆகும். ரொக்கமாகவும் கொடுக்கலாம்.

தங்குமிடத்தில் ஒரு நுணுக்கம். சனி விடியற்காலை இறங்குகிறீர்கள். சனிக்கிழமையிலிருந்து பதிவு செய்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் சாவி. அதனால் வெள்ளி இரவுக்கும் சேர்த்துக் காசு கட்டுங்கள். இதில் மிச்சம் பிடிக்கப் போய் பெட்டியும் கையுமாகத் தெருவில் உட்கார வேண்டாம்.

இரண்டு பேர் போகும்போது இன்னொரு வழக்கம். கிளம்பும் முன் ஆளுக்குச் சமமாக ஒரு தொகை போட்டு ஒரு பொதுப் பை. டாக்சி, சாப்பாடு, வாடகை எல்லாம் அதிலிருந்து. சொந்தத் தீனி, சொந்த ஷாப்பிங் சொந்தக் காசில். நட்பு கெடுவது பெரும்பாலும் பெரிய தொகையில் இல்லை, “அந்த டீக்கு நான்தானே கொடுத்தேன்” என்பதில்தான்.

ரோலா ராசு

கணக்குப்பிள்ளை, கும்பிடுகிறேன். பொதுப் பையை என்னிடம்தான் வைப்பேன் என்று அவன் முன்னாலேயே இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

காயல்காரன்

சாப்பாட்டுப் பக்கம் யாரும் வரவில்லையே. கஜக் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஹலால் கிடைப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் ரஷ்யக் கடைகளும் நிறைய, பன்றி இறைச்சியும் விற்கும். பார்த்து வாங்குங்கள். குதிரை இறைச்சி அங்கே கௌரவமான சாப்பாடு. பெஷ்பர்மாக் என்று ஒன்று கொண்டுவருவார்கள்: அகலமான மாவுத் துண்டுகள், மேலே வெந்த கறி, வெங்காயம், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சூப். குதிரையா மாடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காஜி என்றால் குதிரைத் தொத்திறைச்சிதான், அதில் கேள்வியே இல்லை.

நமக்கு எளிதாக இறங்குவது லக்மான். கையால் இழுத்த நூடுல்ஸ், மேலே கறியும் மிளகாயும் காய்கறியும் வதக்கிய குழம்பு. உய்குர் மக்கள் கடையில் சாப்பிட்டால் காரம் நாக்குக்குத் தெரியும். ஒரு தட்டு ஓர் ஆளுக்குத் தாராளம்.

கிரீன் பஜாருக்குச் சனிக்கிழமையே போய்விடுங்கள். திங்கள் விடுமுறை, உங்களுக்கு அது பொருந்தாது என்றாலும் பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்திலேயே மத்திய மசூதி, நீல டோம், தொழுகைக்கு நடந்தே போகலாம்.

எம்பிபிஎஸ் வேலூர்

காயல் அண்ணா சொன்னதோடு ஒன்று: மலிவாகச் சாப்பிட ஸ்தலோவாயா என்று கேளுங்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, கண்ணால் பார்த்துக் கை காட்டி வாங்கும் சாப்பாட்டுக்கூடம். மெனு படிக்க வேண்டாம், மொழி வேண்டாம். சூப், சோறோ உருளைக்கிழங்கோ, ஒரு கறி, டீ எல்லாம் சேர்த்து 20 திர்ஹத்துக்குள் வயிறு நிறையும். மாணவர்கள் நாங்கள் உயிர் வாழ்வதே அங்கேதான்.

தயிர்சாதம்

சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி உண்டா? நண்பர்கள் இரண்டு பேரும் அசைவம் போல. ஆனால் இழையை நானும் பயன்படுத்திக்கொள்கிறேன்.

எம்பிபிஎஸ் வேலூர்

உண்டு. பரங்கிக்காய் சம்சா, உருளைக்கிழங்கு சம்சா கேளுங்கள், ஆனால் சிலர் அதிலும் கொழுப்புச் சேர்ப்பார்கள். ஜார்ஜியக் கடைகளில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கிடைக்கும். தந்தூரில் சுட்ட நான், தயிர், தக்காளி, பழம் என்று பஜாரிலேயே ஒரு வேளை முடிக்கலாம். இந்திய ஓட்டல்களும் இருக்கின்றன, விலைதான் சற்றுக் கூடுதல். “கறி இல்லாமல்” என்று கேட்டால் கோழி போட்டுக் கொடுத்த அனுபவம் எங்கள் விடுதியில் எல்லோருக்கும் உண்டு. அதனால் மொழிபெயர்ப்புச் செயலியில் கறி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று எழுதியே காட்டுங்கள்.

பாஸ்போர்ட் பாண்டி

எல்லோரும் சோற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. கவனிக்கவும்.

ஓய்வூதியன்

சொல்கிறேன் தம்பி. 1911 நிலநடுக்கத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். அதே நடுக்கத்தில் ஊரில் பெரும்பாலான கட்டடங்கள் சேதமாயின. அப்போது கட்டி நாலு வருடமே ஆன ஒரு மரத் தேவாலயம் பெரிய சேதம் இல்லாமல் நின்றது. ஜென்கோவ் தேவாலயம் என்பார்கள், 1904-இலிருந்து 1907 வரை கட்டியது. தியான்ஷான் தேவதாரு மரம், உயரம் 50 மீட்டருக்கு மேல். ஆணியே அடிக்காமல் கட்டியது என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அதை அப்படியே விழுங்க வேண்டாம். மரம் வளைந்து கொடுத்தது, கல் கட்டடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஏரிக்கு 300 கிலோமீட்டர் போகிறீர்கள். அதே நாளின் இன்னொரு சாட்சி பன்ஃபீலொவ் பூங்காவில் நிற்கிறது, நடக்கும் தூரத்தில்.

மெதெயு பனிச்சறுக்குத் திடலையும் எல்லோரும் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு மேலே பெரிய கரை தெரியும், அது தண்ணீர் தேக்கும் அணை இல்லை. மலையிலிருந்து சேறும் பாறையுமாக உருண்டு வரும் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. 1921-இல் அப்படி ஒரு சேற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்து ஏராளமானோரைக் கொன்றது. அதனால் 1966-67-இல் இரண்டு பக்க மலைகளையும் வெடிவைத்துச் சரித்து அந்தக் கரையை எழுப்பினார்கள். 1973 ஜூலையில் மறுபடி வந்தது, கரை தாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கப் போகும் ஊரில் பாதி இருந்திருக்காது. கரை உச்சிக்கு 800-க்கும் மேற்பட்ட படிகள், பழநியைவிடக் கூடுதல். மூச்சு வாங்கும் ராசு தம்பி யோசித்து ஏறவும்.

ரோலா ராசு

ஐயா, படி என்று சொல்லி என்னையும் அவன் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

சில்லறைக்காசு

இந்த இழையில் எல்லோரும் ஷிம்புலாக்கைத் தூக்கி வைக்கிறீர்கள். என் கருத்து வேறு. வார இறுதியில் கம்பிவட டிக்கெட் விலை கூடுதல், வரிசை நீளம், மேலே போனால் துபாய்க் கூட்டம் முழுக்க அங்கேதான். பட்ஜெட் பயணம் என்கிறவர்கள் செய்யும் ஒரே பெரிய செலவு அதுதான். அதற்குப் பதில் மெதெயுவில் இறங்கி நடக்கலாமே.

கணக்குப்பிள்ளை

சரிதான், விமானமும் வாடகையும் போக மிகப் பெரிய செலவு கம்பிவடம்தான். ஆனால் 800 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் 3,200 மீட்டருக்குப் போவதை நடந்து சாதிக்க முடியாது. அதை விட்டால் அல்மாட்டிக்கு வந்ததில் பாதி போச்சு. மிச்சம் பிடிக்க வேண்டுமானால், ஷிம்புலாக்கிலிருந்து மெதெயுவுக்கு இறங்கும் தார்ச்சாலையில் நடந்தே வரலாம். அஞ்சு கிலோமீட்டருக்குள்தான், முழுக்க இறக்கம்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். சிலருக்கு உச்சியில் தலை கனக்கும். ஓடி ஆடாமல் தண்ணீர் குடித்து மெதுவாக நடந்தால் போதும்.

நெல்லைத் தமிழச்சி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சந்தேகம். நண்பர்கள் சேர்ந்து போனால் இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? சாரினுக்கு மட்டும் போய்வரும் பொதுப் பஸ் டூர்கள் உண்டு. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும். பாண்டி சனிக்கிழமை சாரின் போகட்டும், ராசு ஊரைப் பார்க்கட்டும். ஞாயிறு இரண்டு பேரும் மலை ஏறுங்கள். கைந்தியை இந்த முறை விட்டுவிடுங்கள். நானும் என் தோழியும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பகல் தனித்தனியாகத்தான் சுற்றுவோம். இரவில் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை சாரின் மட்டும் வேண்டாம். இரவு விமானம் வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் தள்ளி நிற்பது நெஞ்சுக்கு ஆகாது.

பாஸ்போர்ட் பாண்டி

அக்கா, இது நன்றாக இருக்கிறது. கைந்தியை மனசில்லாமல் விடுகிறேன்.

ரோலா ராசு

நான் எதையும் விடவில்லை, எனக்கு முழுச் சம்மதம்.

காயல்காரன்

ராசு, அப்படியானால் தனியாக இருக்கும் பகலில் அராசான் குளியலுக்குப் போய்வா. பன்ஃபீலொவ் பூங்காவுக்கு எதிரிலேயே. 1982-இல் கட்டிய பெரிய பொதுக் குளியல் மாளிகை. ரஷ்ய நீராவி, பின்லாந்துச் சூடு, துருக்கி ஹம்மாம் எல்லாம் உண்டு. நேரக் கணக்கில் டிக்கெட். ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்: ஆண்கள் பகுதி தனி, பெண்கள் பகுதி தனி, உள்ளே யாரும் துணி கட்டுவதில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை, துண்டைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தயிர்சாதம்

இந்தத் தகவலுக்கு நன்றி, நான் மலைக்கே போகிறேன்.

மட்டுறுத்துநர்

அராசான் பற்றி வந்த பதினைந்து நகைச்சுவைப் பதிவுகளை அரட்டைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பயணம் மட்டும்.

ரோலா ராசு

போய்வந்தாயிற்று. திங்கள் காலை எட்டு மணிக்கு வேலையிலும் நின்றாயிற்று, எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள்.

வீடு கண்டுபிடித்தது வேலூர்த் தங்கை சொன்னதால்தான். நான்கு நுழைவாசல், எல்லாம் ஒரே சாம்பல் நிற இரும்புக் கதவு. எண் கையில் இருந்ததால் நேராகப் போய் அழுத்தினோம். பாண்டி குளித்துவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஓடினான். நான் பத்து மணி வரை தூங்கினேன்.

பஜாரில் எனக்குப் பிடித்தது கறி வரிசையோ உலர்பழ வரிசையோ இல்லை, கொரியப் பெண்களின் சாலட் வரிசை. ஸ்டாலின் காலத்தில், 1937-இல், தூரக் கிழக்கிலிருந்து கொரியர்களை ரயிலில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்பது படித்திருந்தேன். அவர்கள் பேரப்பிள்ளைகளின் கடைகள்தான் இவை. நூல்போலச் சீவிய கேரட், பூண்டு, வினிகர், சிவப்பு மிளகாய்த் தூள். கிம்ச்சிக்கு (கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்) பக்கத்தில் கத்திரிக்காய், காளான், பெயர் தெரியாத ஏதோ கீரை. ஒரு பாட்டி முள்கரண்டியில் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஐந்தாவது வாயில் வாங்காமல் நகர முடியாது என்று எனக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. கால் கிலோ கேரட்டும் ஒரு வட்ட நானும் வாங்கிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். பக்கத்துக் கடையில் குர்த் என்று வெள்ளை உருண்டை கொடுத்தார்கள், காயவைத்த தயிர். நம் ஊர் மோர்மிளகாயில் மிளகாயை எடுத்துவிட்டு உப்பை மட்டும் இரண்டு பங்கு போட்ட மாதிரி. ஒன்று போதும்.

தேவாலயத்துக்குள் சனி மதியம் ஏதோ ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று பார்த்தேன். உள்ளே இருந்து பார்த்தால் மரம் என்றே தெரியவில்லை.

அராசானுக்கும் போனேன். கம்பளி மயிரை அழுத்திச் செய்த தொப்பி ஒன்றை வாசலில் விற்கிறார்கள், சூட்டில் தலை வெந்துவிடாமல் இருக்க. நீராவி அறையில் மேல் படியில் உட்கார்ந்தால் காது மடல் எரிகிறது. காய்ந்த இலைக்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து ஒருவரை ஒருவர் முதுகில் அடித்துக்கொள்கிறார்கள். நான் ஒரு மூலையில் ஒதுங்கி இருந்தேன். பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார், திரும்பச் சொன்னார், கேட்காமலே அடித்துவிட்டார். அடுத்து ஐஸ் தண்ணீர்த் தொட்டியைக் கை காட்டினார். இறங்கினேன். தலைக்குள் இருந்த அலுவலகம் மொத்தமும் வெளியே போனது. துணி விஷயம் அரட்டைப் பகுதியில் பேசிக்கொள்ளலாம்.

மாலையில் சும்மா மெட்ரோவில் ஒரு முறை போய்வந்தேன். 1988-இல் தோண்ட ஆரம்பித்து, நாடே மாறி, 2011 டிசம்பரில்தான் திறந்தார்களாம். பதினோரு நிலையம்தான். பைகானூர் நிலையத்தை ராக்கெட் கருப்பொருளில் செய்திருக்கிறார்கள், அதற்காகவே இறங்கலாம்.

பாஸ்போர்ட் பாண்டி

என் பக்கம். சாரின் பஸ்ஸில் ஷெலெக் வரை தூங்கிவிட்டேன், மறைக்கவில்லை. கோக்பெக் கணவாய் தாண்டியதும் ஒரே வெட்டவெளி. எங்கே பள்ளத்தாக்கு என்று தேடினால் காணோம். வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால், தரை சட்டென்று அறுந்து கீழே சிவப்புப் பாறைகள். கோட்டைப் பள்ளத்தாக்கு என்று அந்தப் பகுதிக்குப் பெயர். கீழே இறங்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஆறு. தண்ணீர் ஐஸ், சத்தம் காதை அடைக்கிறது. ஆற்றங்கரையில் மர நிழலில் ஒரு கஜகக் குடும்பம் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டு டீயும் பொரித்த மாவு உருண்டையும் கொடுத்தார்கள். போட்டோ எடுக்க மட்டும் நேரம் என்று வழிகாட்டி விரட்டினார், அது ஒன்றுதான் குறை. ஆறு மணி நேரப் பயணத்துக்கு அது தகுமா என்று கேட்டால், எனக்குத் தகும். ராசுவுக்குத் தகாது.

ஞாயிறு ஷிம்புலாக். ஊருக்குள் லேசான புகைமூட்டம். மேலே போனால் வானம் கழுவிவிட்ட மாதிரி. உச்சிக் கணவாயில் புதுப்பனி கணுக்கால் அளவு கிடந்தது. ராசு படி வேண்டாம் என்று சொன்னவன், பனியைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன் ஆகிவிட்டான். இறங்கும்போது சாலையில் நடந்தே வந்தோம், அணைக்கரை வரை. ஐயா சொன்ன 1973 கதையை நான் ராசுவிடம் சொன்னேன், தானே கண்டுபிடித்ததுபோல.

எம்பிபிஎஸ் வேலூர்

அந்தப் புகைமூட்டம் குளிர்காலத்தில் இன்னும் மோசம் அண்ணா. நிலக்கரி எரிப்பதும் வண்டிகளும் சேர்ந்து, மலையடிவாரத்தில் காற்று நகராமல் நின்றுவிடும். ஜனவரியில் ஊருக்கு வருகிறவர்கள் முகக்கவசம் வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் வந்த மாதம்தான் சரியான மாதம். ஆப்பிள் சாப்பிட்டீர்களா இல்லையா?

ரோலா ராசு

சாப்பிட்டோம். அபோர்ட் என்று ஒரு ரகம், ஒரு பழம் இரண்டு பேருக்குக் காணும். ஆப்பிளின் பூர்வீகமே இந்த மலைகள்தான், இங்குள்ள காட்டு ஆப்பிளிலிருந்துதான் உலகத்து ஆப்பிள் எல்லாம் வந்தது என்று பழக்காரர் பாண்டிக்குச் செயலி வழியாக வகுப்பெடுத்தார். பாதி செயலி, பாதி கை.

கணக்குப்பிள்ளை

வகுப்பு இருக்கட்டும், கணக்கு?

ரோலா ராசு

டிக்கெட் ஆளுக்கு 800 சொச்சம். வாடகை இரண்டு இரவுக்கும் ஆளுக்கு 140 போல. கம்பிவடம், பஸ், டாக்சி, சாப்பாடு, குளியல், சாக்லேட் எல்லாம் சேர்த்து எனக்கு 1,300-க்குள் நின்றது. பாண்டிக்குச் சாரின் டூர் வேறு, 1,400-ஐத் தாண்டிவிட்டான். பொதுப் பையில் கடைசியில் கொஞ்சம் தெங்கே மிஞ்சியது, ரஹாத் சாக்லேட்டாக மாற்றி அறையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கொண்டுவந்தோம். நீலத் தாளில் நாட்டுப் பெயர் போட்டிருக்கும், அதை வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் விமான நிலையத்தைவிடப் பாதி விலை.

சில்லறைக்காசு

கம்பிவட வரிசை எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைச் சொல்லவில்லையே?

பாஸ்போர்ட் பாண்டி

எட்டரைக்கே 12-ஆம் எண் பஸ் பிடித்ததால் வரிசையே இல்லை. நாங்கள் இறங்கி வரும்போது வரிசை பஸ் நிறுத்தம் வரை இருந்தது. நீங்கள் சொன்னது மதியத்துக்குச் சரி.

தயிர்சாதம்

இதே மாதிரி மூன்று நாள் கிடைத்தால், அல்மாட்டியோடு பிஷ்கெக்கையும் சேர்க்கலாமா? வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது.

ஓய்வூதியன்

பக்கம்தான், சுமார் 240 கிலோமீட்டர். சாய்ரான் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிடைக்கும், கோர்தாய் எல்லையில் இறங்கி நடந்து கடந்து மறுபடி ஏற வேண்டும். எல்லையில் கூட்டம் இருந்தால் அரைநாள் போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிர்கிஸ்தான் விசா வேண்டும், இ-விசா இணையத்தில் போடலாம். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள், முன்னால் எடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட் பாண்டி

தயிர்சாதம், எப்போது போகிறீர்கள்? ஓர் ஆள் சேர்த்துக்கொள்வீர்களா? ராசு வரமாட்டான்.

ரோலா ராசு

யார் சொன்னது?